‘சதுர அடிக்குச் சதுர அடி’ தருகிறாராம் புரமோட்டர்: பழைய ஃபிளாட்டை இடிக்கச் சம்மதிக்கலாமா?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் 1984இல் கட்டிய குடியிருப்பில் இருக்கிறோம். தரைத்தளமும் இரண்டு மாடியுமாக 12 ஃபிளாட்டுகள். லிஃப்ட் கிடையாது. மனை மூன்று கிரவுண்டு. எங்கள் வீடு பத்திரப்படி 750 சதுர அடி பிளிந்த், நிலத்தில் பிரிபடாத பாகம் (யு.டி.எஸ்.) 600 சதுர அடி. கணவரும் நானும் பென்ஷனில் காலம் தள்ளுகிறோம். ஒரு புரமோட்டர் இடித்துக் கட்டித் தருகிறேன் என்கிறார். 750 சதுர அடிக்கு 750 சதுர அடியே, ஒரு கார் பார்க்கிங், 18 மாத வாடகை, கைக்காசு எதுவும் போட வேண்டாம் என்கிறார். ஒன்பது பேர் சரி என்றுவிட்டார்கள், மூன்று பேர் மறுக்கிறார்கள். இந்த மாதமே ஒரு சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார். இது நல்ல பேரமா? மறுப்பவர்களைச் சட்டம் கட்டுப்படுத்துமா? தெருவில் வருகிற புது ஃபிளாட்டுகளின் மெயின்டெனன்ஸைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. கட்டி முடித்த பிறகு எங்களால் அங்கே குடியிருக்க முடியுமா? கீழே வாடகைக்கு இருக்கும் இரண்டு குடும்பமும், வாசலில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரரும் என்ன ஆவார்கள்? (வாசகி, மேற்கு மாம்பலம்)

பதில்: நீங்கள் வீட்டைக் கணக்குப் பார்க்கிறீர்கள், புரமோட்டர் நிலத்தைக் கணக்குப் பார்க்கிறார். உங்கள் 40 வருஷத்துக் கட்டடத்துக்கு அவரிடம் ஒரு பைசா மதிப்பு இல்லை. இடிக்கிற கூலியைக் கழித்தால் அது அவருக்குச் செலவுதான். அவர் வாங்குவது உங்கள் 600 சதுர அடி நிலத்தில் ஒரு பகுதியை. அதனால் பேச்சையும் நிலத்திலிருந்தே தொடங்குங்கள்.

முதல் வேலையாக ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், 2019இன்படி உங்களைப் போன்ற உயரம் குறைந்த அடுக்குமாடிகளுக்கு எஃப்.எஸ்.ஐ. 2. அதாவது மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். மூன்று கிரவுண்டு 7,200 சதுர அடி, ஆகவே 14,400 சதுர அடி. சாலை அகலமாக இருந்தால் அரசுக்குக் கட்டணம் செலுத்தி இதற்கு மேலும் கட்டலாம், அதுதான் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. சாலை 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50 சதவீதம் கூடுதல், 12 முதல் 18 வரை 40 சதவீதம், 9 முதல் 12 வரை 30 சதவீதம். 9 மீட்டருக்குக் கீழே ஒன்றும் கிடையாது.

9 மீட்டர் என்பது 29 அடி 6 அங்குலம். மாம்பலத்துத் தெருக்களில் பாதி, பேச்சுக்கு ‘முப்பதடி ரோடு’. எதிர்வீட்டுக்காரர் மதிலை ஓர் அடி தள்ளிக் கட்டியிருந்தால் போதும், முப்பது இருபத்தொன்பதாகிவிடும். அந்த அரையடிதான் உங்கள் மனையில் 4,320 சதுர அடியைத் தீர்மானிக்கிறது. இருந்தால் மொத்தம் 18,720, இல்லையென்றால் 14,400. மதிலிலிருந்து எதிர்மதில் வரை அளந்து பாருங்கள். உங்கள் வாசலில் மட்டும் அளந்தால் போதாது, தெருமுனை வரை நாலைந்து இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உரிமம் பெற்ற ஒரு சர்வேயரை வைத்து முறையாக அளந்து, மனையின் நாலு பக்க அளவோடு வரைபடம் வாங்குங்கள். பத்திரத்தில் மூன்று கிரவுண்டு என்று இருக்கும், தரையில் இரண்டேமுக்கால்தான் தேறும் என்பதும் நடப்பதுதான்.

சாலை 9 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். 12 பேருக்கும் 750 வீதம் 9,000 சதுர அடி. மொத்தம் வருவது 18,720. உங்கள் பங்கு 48 சதவீதம், அவருடையது 52. சாலை ஒடுங்கியிருந்து 14,400தான் வரும் என்றால் அதே 9,000 சதுர அடி 62 சதவீதத்துக்கு மேல் ஆகிவிடும். முன்னதில் உங்களுக்குக் கொஞ்சம் குறைவாகத் தருகிறார், பின்னதில் தாராளமாகத் தருகிறார். அப்படித் தாராளமாகத் தர ஒப்புக்கொண்டவர் கட்டுமானத்தில் எங்கேயாவது கை வைப்பார். ஆக, ஒரே வாக்குறுதி டேப்பின் அரையடியைப் பொறுத்து நல்ல பேரமாகவும் இருக்கலாம், மோசமான பேரமாகவும் இருக்கலாம். ‘பக்கத்துத் தெருவில் இப்படித்தான் தந்தார்கள்’ என்ற பேச்சுக்கு இதனால்தான் மதிப்பில்லை.

இப்போது அந்த 750. உங்களிடம் இருப்பது 750 சதுர அடி பிளிந்த், அதாவது சுவரோடு சேர்த்து உங்கள் வீட்டின் அளவு மட்டும். அவர் தரும் 750 எந்தக் கணக்கு என்று எழுத்தில் கேளுங்கள். அநேகமாக ‘சேலபிள் ஏரியா’ என்பார். அதில் மாடிப்படி, லிஃப்ட், லாபி, வாட்ச்மேன் அறை எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கும். பொதுப்பகுதிக்கு 25 சதவீதம் ஏற்றியிருந்தால் உள்ளே பிளிந்த் 600தான். சுவரைக் கழித்தால் கார்ப்பெட் ஏரியா ஏறக்குறைய 540. இன்றைக்கு ஒன்பது அங்குலச் சுவரையெல்லாம் கழித்தும் உங்கள் வீட்டில் 640, 650 சதுர அடி தேறும். நூறு சதுர அடிக்கு மேல் போகிறது, அதாவது பத்துக்குப் பத்து ஓர் அறை! ஒப்பந்தத்தில் கார்ப்பெட் ஏரியாவை மட்டுமே அளவாகப் போடச் சொல்லுங்கள். ரெரா என்னும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமே விற்பனைக்கு அந்த அளவைத்தான் கேட்கிறது. இப்போதைய வீட்டின் கார்ப்பெட் ஏரியாவையும் அறை அறையாக அளந்து இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது யு.டி.எஸ். இப்போது உங்கள் பெயரில் 600. 18,720இல் 750 உங்களுடையது என்றால் புதுக் கட்டடத்தில் உங்களுக்கு நிற்பது சுமார் 288. மீதி 312 சதுர அடி நிலத்தைத்தான் நீங்கள் விற்கிறீர்கள். கணக்குக்காக நிலம் சதுர அடி 12,000 ரூபாய் என்று வைப்போம். விற்றது 37 லட்சத்து 44 ஆயிரம். கைக்கு வருவது, கட்டுமானம் சதுர அடிக்கு 3,000 வீதம் 22.5 லட்சம், 18 மாத வாடகை மாதம் 22,000 வீதம் 3.96 லட்சம், பார்க்கிங்குக்கு இரண்டு லட்சம். கூட்டினால் 28.5 லட்சம்கூட வரவில்லை. இடைவெளி ஒன்பது லட்சம். அது முழுவதும் அவர் லாபம் என்று சொல்ல மாட்டேன். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணம், பிளான் செலவு, வட்டி, விற்காமல் நிற்கும் ஃபிளாட் என்று அவருக்கும் ரிஸ்க் உண்டு. ஆனால் பேரம் பேச இடம் இருக்கிறது என்பது தெரிகிறது அல்லவா? உங்கள் தெருவில் கடைசியாகப் பதிவான இரண்டு பத்திரங்களின் விலையைப் போட்டு இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். கிடைக்கும் இடைவெளியைக் கூடுதல் சதுர அடியாகக் கேட்காதீர்கள், பணமாகக் கேளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மறுக்கும் மூவர் விஷயம். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தது. மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது அது. 12இல் எட்டு பேர், நீங்கள் ஒன்பது பேர் இருக்கிறீர்கள். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு மூவரையும் மிரட்டப் போகாதீர்கள். முதலில் உங்கள் சங்கம் அந்தச் சட்டத்தின்கீழ் பதிவாகி, முறையாக நோட்டீஸ் கொடுத்து, கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதியிருக்க வேண்டும். பழைய ஃபிளாட்டுகளில் பாதிக்கு மேல் சங்கம் என்பது ஒரு நோட்டுப் புத்தகமும் மோட்டார் ரிப்பேர் வசூலும்தான். இரண்டாவது, வழக்கு நிலுவையில் இருக்கும் மனைக்கு எந்த வங்கியும் எளிதில் கடன் தராது. கடன் கிடைக்காத ஃபிளாட்டைப் புரமோட்டரால் விற்க முடியாது. பாதி கட்டி நிற்கும், நீங்கள் வாடகை வீட்டில் இருப்பீர்கள். நடைமுறையில் 12 கையெழுத்தும் வேண்டும்.

மறுப்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருக்கும். ஒருவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும், இந்த வயதில் வீடு மாற்றப் பயம். இன்னொருவருக்கு அப்பா பெயரிலேயே பத்திரம் கிடக்கும், அண்ணன் தம்பி பாகம் பிரியவில்லை, அதை வெளியே சொல்லக் கூச்சம். மூன்றாமவர் நிஜமாகவே பேரம் பிடிக்கவில்லை என்பார், அவர் சொல்வதில்தான் அநேகமாக விஷயம் இருக்கும். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை போன்றவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும், இப்போதே ஆரம்பியுங்கள். கையோடு 12 பத்திரங்களின் யு.டி.எஸ்.ஸையும் கூட்டிப் பாருங்கள். 7,200 வர வேண்டும். எண்பதுகளில் கட்டியவர்கள் கொஞ்சம் நிலத்தையோ மொட்டைமாடி உரிமையையோ தங்கள் பெயரில் நிறுத்திவைத்துக்கொண்ட கேஸ்கள் உண்டு. அது இப்போதுதான் தலைகாட்டும்.

இடிக்கத்தான் வேண்டுமா என்பதையும் புரமோட்டரின் எஞ்சினியர் சொல்லக்கூடாது. நீங்களே பணம் போட்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை வைத்துச் சோதியுங்கள். சுத்தியல் சோதனை, அல்ட்ராசோனிக், சில தூண்களில் கம்பித் துரு அளவு, கார்பனேஷன் ஆழம் (காற்று இறங்கிக் கான்கிரீட் கெட்டிருக்கும் ஆழம்) இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குளியலறைக்கு அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவதும், சன்ஷேட் உடைந்து விழுவதும் கட்டடமே போய்விட்டது என்று ஆகாது. தரைத்தளத் தூண்களில் நெடுக்காக விரிசல் ஓடி, தட்டினால் பொள்ளல் சத்தம் வந்தால் அது வேறு. ரிப்பேர் செய்து 15 வருஷம் ஓட்டலாம் என்று அறிக்கை வந்தால், அதுவே பேரத்தில் உங்கள் பலம். அவசரம் உங்களுக்கு இல்லை, அவருக்குத்தான்.

ஒப்பந்தத்தில் ஆயிரம் ஷரத்து இருக்கும், வக்கீல் பார்க்கட்டும். நான் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்பவை சில. பிளான் அனுமதி கையில் வரும் வரை யாரும் வீட்டைக் காலி செய்யக்கூடாது. காலி செய்த பிறகு அனுமதிக்கு அலைவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் விபத்து. 18 மாத வாடகை போதாது, 24 மாதம் கேளுங்கள், ஒரு வருஷம் கழித்து 5 சதவீத ஏற்றத்தோடு. தாமதமானால் வீடு கொடுக்கும் வரை இரட்டிப்பு வாடகை. பின்தேதியிட்ட செக் வெறும் காகிதம், பேங்க் கியாரன்டி கேளுங்கள். உங்கள் சார்பில் விற்க ஒரேயடியாகப் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். அவருடைய பங்கு நிலத்துக்கு மட்டும், அதுவும் அஸ்திவாரம், கூரை, பூச்சு என்று வேலை நகர நகர, பகுதி பகுதியாக விற்கும் அதிகாரம் கொடுங்கள். அவர் பங்கில் இரண்டு ஃபிளாட்டுகளை, பணி நிறைவுச் சான்றும் மின் இணைப்பும் மெட்ரோ வாட்டர் இணைப்பும் வரும் வரை விற்கக்கூடாது என்று எழுதுங்கள். எந்த மாடி, எந்தப் பக்கம் என்பதை வரைபடத்தில் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். பார்க்கிங்கும் எண்ணோடு. சின்ன மனைகளில் ஒரு காருக்கு மேல் இன்னொரு காரை ஏற்றும் இயந்திரப் பார்க்கிங்கைத் தள்ளிவிடுவார்கள், கார் இல்லாத உங்களுக்கு அது தெரியாது, வாடகைக்கு விடும்போதுதான் தெரியும்.

மேற்கு மாம்பலத்தில் இன்னொன்று, தண்ணீர். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் எவ்வளவு நின்றது என்று உங்களுக்குத்தான் தெரியும், புரமோட்டருக்குத் தெரியாது. 2015லும் 2021லும் தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் காட்டி, ஸ்டில்ட் (தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் கீழ்த்தளம்) தரையும் சம்பின் வாயும் மின் மீட்டர் போர்டும் அதற்கு மேலே இருக்க வேண்டும் என்று பிளானிலேயே போடச் செய்யுங்கள்.

மனை 500 சதுர மீட்டருக்கு மேல் (உங்களுடையது 669), வீடுகளும் எட்டுக்கு மேல் என்பதால் ரெரா பதிவு கட்டாயம். அமைப்புக் குறை தெரிந்தால் ஐந்து வருஷம் வரை அவர் பொறுப்பு. வரி விஷயத்தில் இரண்டு வாக்கியம் போதும். நீங்களும் புரமோட்டரும் சேர்ந்து போடும் கூட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருந்தால் மூலதன ஆதாய வரி, பணி நிறைவுச் சான்று வரும் ஆண்டில்தான் விழும் (பழைய வருமான வரிச் சட்டத்தில் 45(5ஏ) பிரிவு), ஆனால் அதற்கு முன் வீட்டை விற்றுவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். உங்களுக்குக் கட்டித்தரும் வீட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, சதுர அடி 13,000 மதிப்பில் அது ஐந்து லட்சத்தை நெருங்கும், யார் கட்டுவது என்று எழுதாமல் விட்டால் சாவி வாங்கும் நாளில் உங்கள் தலையில் விழும்.

இனி, நீங்கள் பயப்படுகிற விஷயம். உங்கள் பயம் நியாயமானது. புதுக் கட்டடத்தில் பழையவர்கள் 12 பேர். அவருடைய 9,720 சதுர அடியில் 1,200 வீதம் எட்டு வீடுகள் வரும், ஒவ்வொன்றும் ஒன்றரைக் கோடிக்கு மேல். அந்த விலை கொடுத்து வருபவர்கள் லிஃப்டுக்கு ஜெனரேட்டர், 24 மணி நேர செக்யூரிட்டி, கேமரா எல்லாம் எதிர்பார்ப்பார்கள். சதுர அடிக்கு நாலு ரூபாய் மெயின்டெனன்ஸ் என்று வைத்தால் கட்டடத்துக்கு மாதம் 74,880. வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் உங்களுக்கு 3,744, சதுர அடிப்படி பிரித்தால் 3,000. சொத்து வரியும் புதுக் கட்டடமாக மதிப்பிடப்பட்டு ஏறும்.

ஓட்டுக் கணக்கையும் பாருங்கள். தலைக்கு ஓர் ஓட்டு என்றால் நீங்கள் 20இல் 12, பெரும்பான்மை. நிலப் பங்குப்படி ஓட்டு என்றால் உங்களுக்கு 48 சதவீதம், எல்லாத் தீர்மானத்திலும் தோற்பீர்கள். எப்படி ஓட்டு, எப்படிச் செலவுப் பங்கு என்று சங்கத்தின் துணைவிதியில் சட்டம் எவ்வளவு இடம் தருகிறதோ அவ்வளவையும் இப்போதே, வெளியாள் யாரும் வாங்குவதற்கு முன்பே எழுதி ஒப்பந்தத்தோடு இணையுங்கள். கட்டடத்தையும் உங்கள் வசதிக்கேற்பக் கேளுங்கள். ஜிம், பார்ட்டி ஹால் வேண்டாம். லிஃப்ட் ஒன்று போதும், நல்ல கம்பெனியுடையதாக. பொது விளக்குக்கும் மோட்டாருக்கும் மொட்டைமாடியில் சோலார்.

கூடுதல் சதுர அடியை விடப் பணம் கேளுங்கள் என்றது இதற்காகத்தான். அந்த ஒன்பது லட்சத்தில் ஆறு லட்சம் பேரத்தில் தேறினாலும், 7 சதவீத வட்டியில் மாதம் 3,500 வரும், மெயின்டெனன்ஸ் கட்டிவிடலாம். ஐம்பது சதுர அடி பெரிதான ஹால் அதைச் செய்யாது, அதற்கும் சேர்த்து மெயின்டெனன்ஸ்தான் கேட்கும். ரொக்கத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள், கணக்குக் காட்டித் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

வாடகைக்கு இருக்கும் இரண்டு குடும்பங்களுக்கு இந்தப் பேரத்தில் எதுவும் இல்லை. கட்டி முடித்ததும் பழைய வாடகைக்குத் திரும்பி வரும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. மாம்பலத்தில் பழைய ஃபிளாட் என்பதுதான் நடுத்தர வாடகைக்கு இருந்த ஒரே வழி, இடிக்க இடிக்க அவர்கள் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ரயிலைப் பிடித்துப் போகிறார்கள். (1984இல் உங்கள் கட்டடம் வந்தபோதும் அங்கே ஒரு ஓட்டு வீடும் யாரோ ஒரு குடித்தனக்காரரும் இருந்திருப்பார்கள்.) வீட்டுக்காரர்களிடம் மூன்று காரியம் கேட்கலாம். காலி செய்யும் தேதி ஏப்ரல், மே மாதத்தில், பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிந்த பிறகு இருக்கட்டும். அட்வான்ஸ் சாவி கொடுக்கும் அன்றே முழுதாகத் திரும்பட்டும், சுண்ணாம்பு அடிக்கிற காசைப் பிடிக்க வேண்டாம், இடிக்கப்போகிற சுவர்தானே! புரமோட்டர் தரும் இடமாற்றுச் செலவு, குடியிருப்பவருக்கே போகட்டும். வீட்டுக்காரர் வேறு ஊரில் இருக்கிறார் என்றால் அவர் சாமான் எதையும் மாற்றப்போவதில்லை.

இஸ்திரிக்காரருக்கு மாநகராட்சியின் வியாபாரி அடையாள அட்டை இருக்கிறதா கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவரை மட்டுமல்ல, சேவை செய்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அட்டை இல்லையென்றால் மண்டல அலுவலகத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கட்டும் இரண்டு வருஷம் வண்டியை எதிர்வரிசைக்கு மாற்றிக்கொள்ள நீங்கள் நாலு பேர் சொன்னால் நடக்கும். புது கேட் வந்ததும் ‘எலிவேஷனை மறைக்கிறது’ என்று எடுக்கச் சொல்வார்கள், அந்தப் பேச்சே வராமலிருக்க, கேட் எங்கே வருகிறது என்பதை இப்போதே பிளானில் பாருங்கள். வண்டி நிற்கும் மூலையில் கேட் வராமல், மற்ற மூலையில் போடச் சொல்வது செலவில்லாத வேலை.

சம்மதக் கடிதத்தில் இந்த மாதம் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டவர்களிடம் ஒரு நகல் வாங்கி, ‘வேறு எவரிடமும் பேச மாட்டோம்’ என்ற வரியும் அதற்குக் காலக்கெடுவும் இருக்கிறதா பாருங்கள். கெடு இல்லாமல் இருந்தால், 90 நாள் என்று போட்டுத் திருத்தித் தரச் சொல்லுங்கள். அதற்குள் சர்வேயர் வரைபடம், எஞ்சினியர் அறிக்கை, யு.டி.எஸ். கூட்டல் மூன்றும் கைக்கு வந்துவிடும். மூன்றையும் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு புரமோட்டர்களிடம் எழுத்தில் விலை கேளுங்கள், கார்ப்பெட் ஏரியாவில்.